தேன் தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தது

அல் குசைஸ், துபாய்
ஜூன் 2006, வெள்ளிக்கிழமை

சபைக்கு சிஸ்டர் எலிசா, எனக்கு இன்னும் வெறும் எலிசாவாகவே இருக்கிற அன்புத் தங்கைக்கு,

சேசுவின் சமாதானம் உன் மடத்துக்கும் உன் முழங்கால் வலிக்கும் உண்டாவதாக. நான் சுகம். மகன் எபின் சுகம். என் மருமகள் லிஜி ஆஸ்பத்திரி டியூட்டியில் இருக்கும் நேரமெல்லாம் சுகம். வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் கோபம். அதற்கான காரணத்தைத்தான் எழுதப் போகிறேன்.

"அக்கா, துபாயில் சாராயம் காய்ச்சுகிறாயாமே?" என்று நீ போனில் கேட்டாய். உன் பின்னால் இன்னும் இரண்டு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது எனக்கு இங்கே கேட்டது. அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சாராயம் என்பது காய்ச்சி வடிப்பது. நான் போட்டது பீர். பீர் ஊறுவது. நம்மை வளர்த்த கன்னியர் ஒரு பொருளுக்கு அதன் சரியான பெயரைச் சொல்லத்தான் கற்றுத் தந்தார்கள். உன்னையும் அவர்கள்தான் வளர்த்தார்கள்.

எபினின் கம்பெனியில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போகும்போது ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு டப்பா மால்ட் என்ற பார்லிப் பாகு, ஆட்டுப் புழுக்கை மாதிரி பச்சையாக ஹாப்ஸ் என்ற ஒரு கசப்பு வஸ்து, புளிக்க வைக்கிற ஈஸ்ட், செய்முறை அச்சடித்த தாள், எல்லாவற்றையும் இவன் தலையில் கட்டிவிட்டுப் போனார். கோடைக்கான இலேசான பீர், தேன் சுவை நன்றாகத் தெரிய வேண்டும் என்று தாளில் எழுதியிருந்தது. உன் அக்கா மகன் கையைக் கழுவாமல் வாளியைத் திறந்தான். அந்த ஒரு காட்சிதான் என்னை இதில் இழுத்துவிட்டது. வருடா வருடம் என் கிறிஸ்மஸ் வைன் ஜாடி திறக்கும் அன்று ஆயர் இல்லத்திலிருந்தே ஆள் வந்து நிற்குமே, அப்படிப்பட்டவள் முன்னால் கையைக் கழுவாமல் ஒருவன் ஈஸ்ட்டைத் தொடலாமா? "தள்ளுடா" என்றேன். "அம்மா, மெதுவா பேசுங்க. வெளிய தெரிஞ்சா என் விசா போயிரும்" என்றான். "அசுத்தமா செஞ்சா உன் வயிறு போயிரும்" என்று சொல்லிவிட்டு, வாளியைக் கழுவி, வெந்நீர் ஊற்றி, நம் அம்மாவின் மர அகப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

தேனுக்கு மட்டும் எபின் அமுக்கினால் பிதுங்குகிற ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டுவந்தான். அது தேனே இல்லை, வெல்லப்பாகின் தூரத்துச் சொந்தம். எதிர் ஃபிளாட் ரஹீமா பீவி என் இருமலுக்கென்று ஏமனிலிருந்து வந்த இலந்தைப்பூத் தேன் ஒரு ஜாடி நிறையக் கொடுத்திருந்தாள். காயல்பட்டினத்துக்காரி, என்னைப் போலவே விதவை. மகன்கள் வேலைக்குப் போன பிறகு இந்தக் கட்டடத்தில் தமிழில் என்னோடு ஒரு வார்த்தை பேசுகிறவள் அவள் ஒருத்திதான். எங்கள் இரண்டு கதவுக்கும் நடுவே எந்தப் பாத்திரமும் இதுவரை வெறுமையாகத் திரும்பியதில்லை. அவள் வட்டிலப்பம் தந்த கிண்ணத்தில் நான் முந்திரிக்கொத்து வைத்து அனுப்புவேன். என் தட்டு அங்கே போனால் வாடா என்ற அவர்கள் ஊர்ப் பலகாரத்தோடு திரும்பி வரும். இருமல் நின்றுவிட்டது, தேன் மிச்சம் இருந்தது. பாதிக்கு மேல் வாளியில் ஊற்றினேன்.

எலிசா, அந்த வாளி உயிருள்ளது! மூடியில் வளைந்த குழாய் ஒன்று இருக்கிறது. மறுநாள் நான் ஜெபமாலைக்கு உட்கார்ந்தேன், ஒவ்வொரு மணிக்கும் அது ஒரு 'குளுக்' சொன்னது. உன் நவசந்நியாசிகள்கூட அவ்வளவு ஒழுங்காகப் பதில் சொல்வார்களா தெரியாது. நான் சிரிக்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அது இன்னும் சத்தமாகச் சொன்னது.

அப்போதுதான் ரஹீமா வந்து, "தேன்ல என்ன செஞ்சீங்க அக்கா?" என்று கேட்டாள். நான் பொய் சொல்வதில்லை என்று உனக்குத் தெரியும். "ஒரு பானம் போட்டிருக்கேன்" என்றேன். "சளிக்கா?" "கோடைக்கு." "அப்ப ஜாடி திரும்பி வரும்போது அதுலயே எனக்கும் கொஞ்சம் ஊத்தித் தாங்க. எந் தேன்ல நீங்க போட்டது, குடிக்காம உடுவேனா?" என்று சொல்லிவிட்டு, சுகமாகத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஜாடியை வெறுமையாகத் தர முடியாது. நிரப்பியும் தர முடியாது. வேறு எதையாவது ஊற்றி இதுதான் அது என்று சொல்லவும் என் நாக்கு வளையாது.

பாட்டிலில் அடைக்கும் நாளில் ஒரு கரண்டி ருசி பார்த்தேன். கசப்பு இருந்தது, நுரை இருந்தது, தேன் மட்டும் இல்லை. "இனிப்பை எல்லாம் ஈஸ்ட் தின்னுட்டும்மா. வாசனை மட்டும்தான் மிஞ்சும்" என்றான் எபின். தாளில் தெரிய வேண்டும் என்றல்லவா எழுதியிருக்கிறது? எழுதியிருப்பது ஒன்று, செய்திருப்பது ஒன்று என்று நான் எதையும் விட்டதில்லை. மிச்சத் தேனை பாட்டிலுக்கு இரண்டு கரண்டியாக விட்டேன். "என்னம்மா பண்ணுதீங்க? அதையும் தின்னு நுரை பொங்கி பாட்டில் வெடிக்கும்!" என்று குதித்தான். "தின்னட்டும். நம்ம வீட்டுல எவனும் பட்டினி கிடக்க வேண்டாம்" என்று மூடியை அழுத்தி, எல்லாவற்றையும் துணி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

போன வெள்ளிக்கிழமை ரஹீமா வந்து சோபாவில் உட்கார்ந்து, "கோடை பாதி போயிடுச்சு, பானம் வரலியே?" என்று கேட்டு வாய் மூடவில்லை, உள்ளே 'டமார்' என்றது. "யா அல்லாஹ், கேஸு!" என்று கத்தி, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினாள். தன் செருப்பை விட்டாள், என்னை விடவில்லை. அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பின்னாலேயே டமார், டமார், டமார். வாட்ச்மேன் பாஸ்கர் மணல் வாளியோடு மேலே ஓடி வந்தான், அலமாரியைத் திறந்தான், மோந்தான், என்னைப் பார்த்தான். "அம்மா, இது கேஸ் இல்லம்மா" என்று சொல்லி, மணல் வாளியைக் கீழே வைத்தான். லிஜியின் டியூட்டிச் சட்டைகள் சொட்டிக்கொண்டிருந்தன. ரஹீமா மூக்கை உறிஞ்சினாள். "அக்கா, எந் தேன் வாசனை!"

தேன் கடைசியில் தெரிந்துவிட்டது எலிசா. மாடி முழுக்கத் தெரிந்தது.

"ரஹீமா, இது பீர்" என்றேன். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "உங்க ஊட்டுல என்ன குடிச்சாலும் நான் கேக்கமாட்டேன். ஆனா எந் தேனை ஏன்க்கா?" என்றாள். அப்புறம் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த மூன்று நாள் அவள் கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே போதும், நான் எழுந்து என் கதவருகே போய் நிற்பேன். உனக்கு மடம் நிறைய ஆட்கள். எனக்கு அந்த ஒரு கதவு.

எல்லாவற்றையும் ஒழித்துவிட்டேன். வாளி, குழாய், ஹாப்ஸ், தாள், எல்லாம் குப்பைக்குப் போயிற்று. அம்மாவின் அகப்பையை மட்டும் எப்படி எறிவது? கழுவி வைத்துக்கொண்டேன். பிறகு பர் துபாய் போய், கடைக்காரனை நிற்க வைத்துக் கேள்வி கேட்டு நல்ல தேன் வாங்கி, எலுமிச்சை, இஞ்சி சேர்த்து ஒரு சொட்டுக் குற்றமும் இல்லாத சர்பத் கலக்கி, ஜாடி நிறைய ஊற்றி அவள் கதவைத் தட்டினேன். "இது அந்தப் பானம் இல்ல, அது போயிட்டு. இது வேற. ஜாடி வெறுமையா வரக்கூடாதுன்னுதான்" என்றேன். ஜாடியை வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் குடித்தாள். "தேன் தெரியலியேக்கா" என்றாள்! அப்புறம் இருவரும் சிரித்த சிரிப்பில் அவள் மகன் எழுந்து வந்து பார்த்தான்.

ஆகவே தங்கையே, உன் அக்கா எந்த மாசும் இல்லாமல், எந்த நுரையும் இல்லாமல் வாழ்கிறாள் என்று உன் பின்னால் நின்ற அந்த இருவருக்கும் சொல். உன் மடத்துக் கிணறு வற்றாதிருக்கட்டும். உன் பிள்ளைகள் எல்லோரும் கையைக் கழுவட்டும்.

உன் அன்பு அக்கா,
ஜெயமணி ஜான் பீட்டர்

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், கதவு தட்டுகிற சத்தம். ரஹீமா ஜாடியைத் துண்டில் சுற்றி, அழுகிற பிள்ளையைப் பிடிப்பது மாதிரி தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தேன் தெரியவில்லையே என்று அவளும் நாலு கரண்டி விட்டு, சமையலறையிலேயே வைத்துவிட்டாளாம். காலையில் மூடி பறந்து சீலிங்கில் அடித்ததாம். "அடுப்பே இல்லாம கொதிக்குதேக்கா, இதுல என்ன போட்டீங்க?" என்று கேட்கிறாள். ஒன்றும் போடவில்லை எலிசா, சத்தியமாக. கலக்கத்தான் செய்தேன். எந்த அகப்பையால் கலக்கினேன், அதன் மரத்தில் எந்த ஈஸ்ட் ஊறிக் கிடந்தது என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அவள் இன்னும் வாசலில்தான் நிற்கிறாள். நான் பொய் சொல்வதில்லை என்பது அவளுக்கும் தெரியும். ஜெபி.