பெண்பால் முன்னேற்ற விழா

பெண்ணினம் தலைநிமிர்ந்த இடங்கள் உலகில் சில உண்டு. அவற்றில் தலையாயது எங்கள் ஊர் மகளிர் பால் கூட்டுறவுச் சங்கம். தலைவி என் மனைவி. நான் 'கௌரவ ஆலோசகர்'. அப்படியொரு பதவி சங்க விதிகளில் கிடையாது. அதை உண்டாக்கியதுதான் நான் வழங்கிய முதல் ஆலோசனை.

மாடு கறப்பது, பாலைச் சுமப்பது, தரம் பார்ப்பது, விற்பது போன்ற சில்லறை வேலைகளைப் பெண்கள் செய்தார்கள். போட்டோவில் நடுவில் நிற்கும் பொறுப்பை நான் சுமந்தேன். கூட்டுறவில் அவர்கள் கூட்டு, நான் உறவு.

மதியமானால் கரண்ட் போய்விடும். பால் குளிரூட்டும் தொட்டிக்கு ஒரு ஜெனரேட்டர் வேண்டும் என்று பெண்கள் பலமுறை பால்வளத் துறைக்கு எழுதினார்கள். துறை அதைக் கனிவோடு பரிசீலித்து, 'மகளிர் அதிகாரக் கருத்தரங்கு' ஒன்றை அனுமதித்தது. பந்தல், மைக், விளக்கு, பெரிய பெரிய ஃபேன்கள். அவை ஓட, சக்கரம் வைத்த வாடகை ஜெனரேட்டர்.

அதை என் மனைவி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“இது எதுக்குங்க?”

“மைக்குக்கு.”

“தொட்டிக்கு?”

“அது வேற ஃபைல்.”

மேடையில் மூன்று நாற்காலிகள்: துறை அதிகாரி, வங்கி மேலாளர், நான். “எங்களுக்கு?” என்றாள். “நீ உக்காந்துட்டா டீ யாரு குடுப்பா?” என்றேன். ஆலோசகர் என்றால் சும்மாவா?

அதிகாரி தாமதமாக வந்து, தாராளமாகப் பேசினார். “பெண்கள்பால் எனக்குள்ள அக்கறை...” என்று அவர் உருகியபோது, தொட்டியைக் கவனிக்கும் அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“தலைவி, கரண்ட் போயிடுச்சு! வண்டி வர நேரமாகும். மொத்தப் பாலும் திரிஞ்சுடும்.”

ஊரே கறந்த பால் அது. என் மனைவி மேடையோரம் வந்தாள். “ஏங்க, ஜெனரேட்டரைக் கொஞ்ச நேரம்...”

“உஷ்! பெண் விடுதலையைப் பத்திப் பேசறாரு. நடுவுல பேசாதே.”

அவள் திரும்பிப் பெண்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். ஒருத்தி எழுந்தாள், பிறகு நாலு பேர், பிறகு பந்தலே எழுந்தது.

“பாருங்கள், பெண்கள் எழுந்துவிட்டார்கள்!” அதிகாரிக்குக் கண் கலங்கியது. “அதிகாரத்தை இனி நீங்களே கையில் எடுத்துக்கொள்ளு—”

மைக் செத்தது. ஃபேன்கள் நின்றன. பந்தலுக்குப் பின்னால் சக்கரங்கள் கடகடவென்று உருளும் சத்தம்.

நாங்கள் மூவரும் இறங்கி ஓடினோம். தொட்டி அறையில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. தொட்டி சில்லென்று குளிர்ந்துகொண்டிருந்தது.

“யாரைக் கேட்டும்மா எடுத்தீங்க?” என்று அதிகாரி கத்தினார்.

“நீங்கதானே சார் இப்ப எடுத்துக்கச் சொன்னீங்க?” என்றாள் என் மனைவி.

“அது பேச்சும்மா!”

“எங்களுக்கு அது பொழப்பு சார்.”

பெண்கள் சிரித்த சிரிப்பில் ஜெனரேட்டர் சத்தமே அமுங்கிப்போனது. அங்கேயே நின்றபடி கூட்டம் போட்டு, ஜெனரேட்டர் ஒன்றைச் சங்கமே விலைக்கு வாங்குவதென்றும், ஆலோசகர் பதவி தேவையில்லையென்றும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

“பொம்பளைங்களுக்கு ரொம்ப இடம் குடுத்துட்டீங்க,” என்று அதிகாரி என்னைக் கடிந்துகொண்டார். வங்கி மேலாளர் ஆமோதித்தார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அதற்குள் பால் வண்டி வந்துவிட்டது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

“கரண்ட் இல்லையாமே தங்கச்சி? எதுவும் கெட்டுப்போகலையே?”

என் மனைவி எங்கள் மூவரையும் நிதானமாக ஒரு பார்வை பார்த்தாள்.

“பால் கெடலண்ணே,” என்றாள்.