ஏழாம் வகுப்பின் அடைமொழிப் போர்

வாழ்க நஜ்முன் நிஸா! கிண்ணியாப் பாலத்தை நெரிசல் பஸ்ஸில் நின்றபடியே கடந்து வருபவரும், சோக்குத்தூள் படிந்த வலக்கையில் சிவப்புப் பேனையை வேலெனத் தாங்கியவரும், எதிர்ப்பட்ட எழுத்துப்பிழை எதனையும் உயிரோடு விட்டறியாதவருமான தமிழாசிரியை, திருகோணமலை உட்துறைமுகத்துக் காற்று அரைச்சுவர் தாண்டி வந்து கொப்பிகளைப் புரட்டும் ஏழாம் வகுப்பறையில் அடைமொழிப் பெருஞ்சேனையோடு பொருத கதையைச் சொல்லப் புகுகின்றோம். தமிழே, துணை நில்!

வலயக் கல்வி அலுவலகத்து ஆலோசகர் மறுநாள் வருகிறார், அவர் கண்ணில் படும்படி பிள்ளைகள் எழுதிய சுவர்ப்பத்திரிகை ஒன்று தொங்கியே ஆகவேண்டும் என்று அதிபர் ஆணையிட்டதே போருக்குக் காரணம். நிஸா கரும்பலகை அதிர விதிகளைப் பொறித்தார். தலைப்பு சுருங்கியிருக்கட்டும். யார், என்ன, எங்கே, எப்போது என்பவை முதற்பந்தியிலேயே வரட்டும். ஏன், எப்படி என்பவை பின்னால் நடக்கட்டும். ஒருவர் சொன்னது மேற்கோள் குறிக்குள் அடங்கட்டும். எழுதுபவரின் சொந்தக் கருத்து வாசலிலேயே நிற்கட்டும்! பிள்ளைகள் தலையசைத்தார்கள். பாடசாலை இல்லங்களுக்கிடையிலான வலைப்பந்துப் போட்டியைச் செய்தியாக்கப் பேனைகளை உருவினார்கள்.

அந்தோ, வந்த கொப்பிகள்! எதிர்ப்படையின் தளபதியும் பேச்சுப்போட்டிகளில் கோப்பை கவர்ந்தவனுமான இஹ்ஸானின் செய்தியில் கதிரவன் பொற்கரம் நீட்டினான்; கடல் தாலாட்டியது; தென்னைகள் சாமரம் வீசின; பந்து மட்டும் இரண்டாம் பக்கம் வரை வரவேயில்லை. அப்ராவோ, "ஐயகோ, என் பேனை நடுங்குகிறதே!" என்று தலைப்பிட்டிருந்தாள். நிஸாவின் சிவப்புப் பேனை சுழன்றது. 'எழில்மிகு' வீழ்ந்தது, 'தேனினும் இனிய' துண்டுபட்டது, வெட்டுண்ட ஒன்றின் இடத்தில், திருத்தி எழுதிய கொப்பியில், இரண்டு முளைத்தன.

"பிள்ளையள், போட்டில ஆரு வெண்டது எண்டத முதல் வரியில சொல்லுங்க!" என்று முழங்கினார் நிஸா.

இஹ்ஸான் எழுந்தான். "முதல் வரியிலயே சொன்னா, மிச்சத்த ஆரு டீச்சர் வாசிப்பாங்க?"

அக்கேள்விக் கணை நேரே நெஞ்சில் தைத்தது. ஏனெனில் காலைதோறும் பஸ்ஸில் பக்கத்து ஆளின் தோள்மேலால் பத்திரிகை பார்க்கும் நிஸா, தலைப்பையும் முதற்பந்தியையும் தாண்டிப் போனதேயில்லை. "அதுக்குத்தான் முதல்ல சொல்றது" என்றார். குரலில் முன்னைய முழக்கம் இல்லை.

அவ்வேளை, கோட்டைப் புல்வெளியில் மேய்ந்து, பஸ் நிலையத்தில் கொலுவிருந்து, வாகனங்களை வரிசையாய் நிறுத்திவைத்து வீதியைக் கடக்கும் புள்ளிமான் குலத்திற் பிறந்த கொம்பன் ஒன்று அரைச்சுவருக்கு மேலே தலையை நீட்டி, கதிரையில் தொங்கிய ஆசிரியையின் பைக்குள் முகம் புதைத்து, பகலுணவுப் பொதியைக் கவ்வி வெளியே இழுத்துப் பிரித்தது. டஸ்டரைச் சக்கராயுதம் போல் ஓங்கிப் பாய்ந்தார் நிஸா. மான் மென்றபடியே அவரை நிமிர்ந்து பார்த்தது.

"ஐயோ, பஞ்சு மாதிரி இடியப்பம்! விடியவே எழும்பி அவிச்சது! இரக்கங்கெட்ட, ஈவில்லாத, நன்றிகெட்ட மானே!"

அடைமொழிகளின் பகைவரது வாயிலிருந்தே அடைமொழிகள் அணிவகுத்து வந்ததைக் கேட்டு வகுப்பு எழுந்து நின்றது. மான் தேங்காய்ச் சம்பலையும் நக்கிவிட்டு அசைந்து சென்றது. இஹ்ஸான் ஒருவன் மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். எழுதியதைக் கொண்டுவந்து நீட்டினான்.

"ஆசிரியையின் உணவை மான் தின்றது. உட்துறைமுகம், செவ்வாய். ஏழாம் வகுப்பு ஆசிரியை நஜ்முன் நிஸாவின் இடியப்பத்தை இன்று காலை வகுப்பறையில் மான் ஒன்று தின்றது. பை அரைச்சுவரின் அருகே இருந்ததே இதற்குக் காரணம். 'இரக்கங்கெட்ட மானே' என ஆசிரியை தெரிவித்தார்."

வென்றார் நிஸா! கதிரவன் இல்லை, சாமரம் இல்லை, ஒரு சொல் மிகையில்லை! ஆயினும் அவ்வெற்றியின் உச்சியில் வெறும் வயிறு முறையிட, ஒரே ஒரு சொல்லுக்காக நெஞ்சு ஏங்க, சிவப்புப் பேனை தானாகவே இறங்கி 'ஆசிரியை' என்பதன் முன்னே 'பாவப்பட்ட' என்று எழுதத் தொடங்கிற்று.

"டீச்சர்," என்றான் இஹ்ஸான் பணிவோடு, "அது கருத்து. செய்தில போட ஏலாது."

திசைகள் கேட்டிருக்க, தென்றலும் நின்றிருக்க, வெல்லற்கரிய அவ்வீராங்கனை தாம் வகுத்த விதிக்குத் தாமே தலைவணங்கிப் பேனையை மூடினார்.

இடைவேளைக்கு நிஸா கன்ரீனுக்குப் போய்ப் பனிஸ் வாங்கிச் சாப்பிட்டார்.