மூன்றாவது சர்வர் மாப்பிள்ளை

பெண் பார்க்கப் போன இடத்தில் வேலையைப் பற்றிப் பெருமை பேசக்கூடாது. மாமனாராகப் போகிறவர் அதைச் சோதித்துப் பார்த்துவிடுவார்.

நான் திருச்சியில், பெண் வீட்டில் பேசினேன். பஸ் டிக்கெட் விற்கும் எங்கள் சைட்டுக்கு எத்தனை பேர் வந்தாலும், நான் அமைத்த லோடு பேலன்சர் கூட்டத்தைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பிவிடும் என்றேன். (கேசரி நன்றாக இருந்தது. வாய் அடங்கவில்லை.)

நிச்சயதார்த்தம் பெங்களூரில், எங்கள் ஜோகுபாளையத்தில், பொங்கல் விடுமுறையில். எடுத்தால் மாப்பிள்ளை சைட்டில்தான் டிக்கெட் என்று மாமா முடிவு செய்துவிட்டார். காலையில் புக்கிங் திறந்ததும் போன் வந்தது.

"மாப்பிள்ளை, மன்னிக்கவும்னு வருது. யாரு மன்னிப்பு கேக்குறா, நீங்களா?"

என் திரையில் எல்லா சர்வரும் பச்சை. "சரியாத்தான் இருக்கு மாமா, திரும்பப் பாருங்க" என்றேன். மேனேஜர் பழைய அமைப்புக்கே திரும்பிவிடலாம் என்றார். நான் அசையவில்லை. இன்னும் சில சர்வர்களைச் சேர்த்தேன். எல்லோருக்கும் மன்னிப்புதான் கிடைத்தது. கல்யாணமே கையை விட்டுப் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. ஆனாலும் கண்டுபிடிக்காமல் எழுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் பிடிபட்டது. மூன்றாவது சர்வருக்கு, சீட் கணக்கு இருக்கும் டேட்டாபேஸோடு தொடர்பு அறுந்திருந்தது. மற்றவை ஒவ்வொருவருக்கும் சீட் தேடித் திணற, இது வந்தவர்களிடம் கண்மூடித் திறப்பதற்குள் "மன்னிக்கவும்" சொல்லிவிட்டு ஓய்வாக இருந்தது. யார் ஓய்வாக இருக்கிறார்களோ அவர்களிடம் ஆளை அனுப்பு என்பது நான் போட்ட விதி. சர்வர்களிடம் உயிரோடு இருக்கிறாயா என்று மட்டும்தான் பேலன்சரைக் கேட்கச் சொல்லியிருந்தேன். மூன்றாவதும் இருக்கிறேன் என்றது.

அதைக் கழற்றியதும் சைட் ஓடியது. மாமாவுக்குக் கிடைப்பதற்குள் டிக்கெட்டும் தீர்ந்தது. மாமா வீட்டுச் சனம் மொத்தமும் ஒரு பழைய வேனில் குலுங்கி வந்து இறங்கியது.

மண்டபத்தில் விடாப்பிடியாக அவருக்கு விளக்கினேன். இடுப்பைப் பிடித்தபடி பொறுமையாகக் கேட்டார்.

"அதாவது, வேலை செய்யாதவன் சும்மா இருந்தான். சும்மாதானே இருக்கான்னு நீங்க எல்லாரையும் அவன்கிட்டயே அனுப்பிட்டீங்க."

பெண்ணைக் கொடுத்துவிட்டார். ஆனால் அந்த வீட்டில் நான் நாற்காலியில் உட்கார்ந்தால், "மூணாவது சர்வர் ஃப்ரீயா இருக்கு, எதையும் குடுத்துடாதீங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

சமீபத்தில் மச்சினன் கல்யாணத்தில் விட்டேனா பார் என்று சாம்பார் வாளியோடு பந்திக்குக் கிளம்பினேன். மாமா வழிமறித்தார். வாளியின் மூடியைத் திறந்து, கரண்டியை விட்டுக் கிளறிப் பார்த்தார்.

"உள்ள சாம்பார் இருக்கு," என்று பந்தியைப் பார்த்துச் சொன்னார். "அனுப்பலாம்."