கண்ணாடி இழையின் மறுமுனை

அன்புள்ள டெல்சி மைனிக்கு,

ஷார்ஜா முவைலாவிலிருந்து ஷாஜினி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் ஏ.சி.யும் ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே உங்கள் மூட்டுவலியும் அண்ணனின் வள்ளத்து எஞ்சினும் குணமாகியிருக்க ஜெபிக்கிறேன். வாட்ஸ்அப்பில் சொன்னால் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பான். அதனால் ஊருக்கு வரும் சந்தியா கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

என் வீட்டுக்காரருக்குக் கத்தாரில், ராஸ் லஃபான் கேஸ் பிளாண்டில், ட்ரோன் வருகிறதா என்று கருவியில் பார்க்கும் டூட்டி. லீவெல்லாம் ரத்து. மகன் ஜெப்ரினும் காலேஜுக்குப் போனபிறகு இந்த வீட்டில் பேச்சுச் சத்தமே கிடையாது. அவர் வாரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு "சாப்ட்டியா" என்பார், நான் "ம்" என்பேன், கலாஸ், அவ்வளவுதான். போன மாதம் ஒருநாள் மட்டும் நீளமாகப் பேசினார். புதுவகை ட்ரோன் வந்திருக்கிறதாம், ரேடியோ அலையே கிடையாதாம், அதனால் கருவிக்கு அகப்படாதாம், முடியைப்போல மெல்லிய கண்ணாடி இழையைப் பின்னால் விட்டுக்கொண்டே பறக்குமாம், வெயிலில் அந்த இழை மின்னுவதைப் பார்த்து அதன் வழியே போனால் மறுமுனையில் ஓட்டுகிறவன் இருப்பானாம்.

மறுவாரமே என் பால்கனிக் கம்பியில் ஓர் இழை மின்னியது. பதறிக் கூப்பிட்டு, நடுவில் ஒரு முடிச்சு கிடப்பதுவரை சொன்னேன். "தொடாத, போட்டோ எடுக்காத, கதவச் சாத்திட்டு உள்ள இரி, கேட்டியா" என்றார். அன்றிலிருந்து மைனி, காலையில் கூப்பிடுகிறார், டூட்டி இடைவேளையில் கூப்பிடுகிறார், படுக்கும்முன் கூப்பிடுகிறார். இழை ஆடுகிறதா என்று தொடங்கி, என்ன குழம்பு, தலைவலி போச்சா என்று முடிகிறது. கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பேசியதில்லை.

எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. இழையைப் பார்த்துக்கொண்டே போனேன். அது கார் ஷெட்டைத் தாண்டி எதிர்க் கட்டடத்தில் இரண்டாம் மாடிக்கு ஏறியது. நானும் ஏறி மணியடித்தேன். திறந்தவர் அஸ்மத் பீவி, காயல்பட்டினத்து அக்கா. புறா வராமலிருக்கத் தூண்டில் போடும் தங்கூசு நரம்பைப் பால்கனி முழுக்கக் கட்டியிருக்கிறார். காற்றில் ஒன்று அறுந்து என் வீடுவரை வந்திருக்கிறது.

"கடக்கரையில பொறந்துட்டுத் தங்கூசு தெரியலயாம்மா ஒனக்கு? ட்ரோனாம்ல ட்ரோன்" என்று சிரித்தவர், "நல்லவேள அறுந்துச்சு. உக்காரு, தேத்தண்ணி போடுறேன். எங்க வீட்டு ஆளு அல் ஐன் கடையில கெடக்காரு. எனக்கும் பேச்சுத்தொணைக்கு இந்தப் புறாவுகதான் இருந்துச்சு, அதையும் வெரட்டிட்டேன்" என்றார்.

என் வீட்டுக்காரரிடம் இதை இன்னும் சொல்லவில்லை மைனி. சொன்னால் மறுபடியும் வாரத்துக்கொரு "சாப்ட்டியா"தான். ஆனாலும் ஆபத்துக்கு நடுவே வேலைசெய்யும் மனுஷனை இப்படிப் பதறவைப்பது பாவம். இன்று கட்டாயம் சொல்லிவிடுவேன். அண்ணனுக்கு மட்டும் தெரியவேண்டாம், ஆயுசுக்கும் சிரிப்பான்.

வீட்டில் எல்லாருக்கும் தோத்திரம். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
ஷாஜினி

பி.கு.: கவரை மூடுவதற்குள் அவர் கூப்பிட்டார். சொல்லத்தான் வாயெடுத்தேன், "இன்னொரு இழை வந்திருக்கு" என்று வந்துவிட்டது. "முடிச்சு கெடக்குன்னு மொத நாளே சொன்னல்லா. கண்ணாடி இழையில முடிச்சு போட்டா ஒடிஞ்சு போவும்ட்டீ. தங்கூசு தீந்துட்டுன்னா சொல்லு, ஒரு சுருள் குடுத்து விடுகேன்" என்றார். பிறகு இருவரும் ஒன்றும் பேசவில்லை. போனையும் வைக்கவில்லை.