சபையார் சொன்ன ஆமென்

திருத்தணி

கர்த்தருக்குள் பிரியமான ஜெயப்பிரகாஷ் பாவாவுக்கு, இந்நாள்வரை கைவிடாத ஆண்டவர் கிருபையால் உயிரோடும் ஓட்டல் இட்லியோடும் இருக்கும் உங்கள் தங்கை வீட்டுக்காரன் இஸ்ரவேல் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. போன் பண்ணினால் சுகிர்தம்தான் எடுப்பாள் என்பதால் கடிதம்.

அவள் உங்கள் வீட்டுக்கு வந்த காரணத்தை அவள் வாயால் கேட்டிருப்பீர்கள். என் பக்கத்தையும் கேளுங்கள். எங்கள் வீட்டில் பகலில் சண்டையே கிடையாது. எல்லாம் சாயங்காலக் குடும்ப ஜெபத்தில்தான். பாய் விரித்து, பாட்டுப் பாடி, கண்ணை மூடியதும் உங்கள் தங்கை ஆதாம் ஏவாளில் புறப்பட்டு, மிஷனரிகள், ஆட்சியாளர்கள், கனகம்மாசத்திரத்துப் பெரியம்மாவின் முழங்கால் வலி எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு கடைசியில் என்னிடம் வந்து நிற்பாள். தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்குகிற ஆவியை உமது அடியானை விட்டு அகற்றும் என்பாள். அடுத்தது என் முறை, நானும் சும்மா விடமாட்டேன். பிள்ளைகள் விஜயனும் மோனிகாவும் அப்போது சின்னதுகள், சிரிப்பை அடக்க முடியாமல் பாயில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். ஆமென் சொல்லி எழுந்ததும் அவளே சூடாக ரசம் ஊற்றுவாள், நானும் ஒன்றும் நடக்காததுபோல வாங்கிச் சாப்பிடுவேன். ஆண்டவரிடம் சொல்லியாயிற்று, அப்புறம் மனுஷருக்குள் என்ன பேச்சு? அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது பாவா.

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சபையார் ஜெபக்கூட்டம். முடிவு ஜெபத்தைப் போதகர் என்னைச் செய்யச் சொன்னார். நம்ம வீடு, நம்ம பாய், கண்ணை வேறு மூடிக்கினேன். பழக்கதோஷம், வாய் தானாகவே போய்விட்டது. சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போடுகிற உமது அடியாளைக் கண்ணோக்கும், எந்நேரமும் புத்தூர் அண்ணன் வீட்டுப் பெருமை பேசும் அவள் நாவை அடக்கும் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் மன்னிக்க வேண்டும். சபையார் ஒரே குரலில் ஆமென் போட்டார்கள். அதிலும் எங்கள் வீட்டில் முன்பே சாப்பிட்டவர்கள் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்கள்.

எல்லாருக்கும் டீ கொடுத்து அனுப்பிவிட்டு உங்கள் தங்கை என் எதிரில் வந்து நின்றாள்.

“இத்தினி வருசமா நான் உங்கள பத்தி சொன்னதெல்லாம் ஆண்டவருக்கும் நமக்கும்தாங்க. நீங்க ஊரையே ஆமென் சொல்ல வச்சிட்டீங்க.”

மறுநாள் காலை புத்தூர் பஸ் ஏறிவிட்டாள்.

போகட்டும், எனக்கு ஒரு குறையும் இல்லை. ஜெபம் இப்போது பாட்டோடு சேர்த்தே சீக்கிரம் முடிந்துவிடுகிறது. யாரும் என்னைப் பற்றி ஆண்டவரிடம் புகார் சொல்வதில்லை. என்னைப் பற்றி அவரிடம் யாருமே பேசுவதில்லை என்பதும் உண்மைதான். ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை, ஆகவே கிறிஸ்துமஸ் வரைகூட அவள் அங்கேயே இருக்கட்டும். தப்பு என்மேல் இல்லை என்பதை மட்டும் நீங்கள் எடுத்துச் சொல்லவும். அக்காவுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஸ்தோத்திரம். கர்த்தர் உங்கள் வீட்டையும் அங்கே வந்திருக்கும் விருந்தாளியையும் சுகமாகக் காப்பாராக.

இப்படிக்கு,
இஸ்ரவேல்

பி.கு.: தபாலில் போட்டால் வந்து சேர நாளாகும் என்பதால் இதை நானே எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வருகிறேன். ஞாயிறு ஆராதனையில் உங்கள் போதகரிடம் சொல்லி முடிவு ஜெபத்தைச் சுகிர்தத்துக்கு வாங்கிக் கொடுங்கள். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். உங்கள் ஊர்த் தெலுங்கிலேயே சொல்லட்டும், எல்லாருக்கும் புரியட்டும். முதல் ஆமென் நான் சொல்கிறேன்.