எட்டாவது ஷரத்தும் நாலு கையெழுத்தும்

பணஜி, ஃபொந்தைன்யாஸ்
செப்டம்பர் 19, பகல் பதினொன்றரை மணி

அன்பும் மரியாதையும் நிறைந்த மட்காவ் பெர்பேத்துவா அக்காவுக்கு, உன் ஒரே தம்பி எவாரிஸ்தோ மெனெசஸ் எழுதிக்கொள்வது. நீயும் அகொஸ்தின்யோ அத்தானும் சுகமாக இருக்க வேண்டும், அத்தானின் முழங்கால் வலி குறைய வேண்டும், உன் கோழிகள் ஒழுங்காக முட்டையிட வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொள்கிறேன். எங்கள் பையன் எல்ராய் சீமைக்குப் போய் மூன்று வருடமாகிறது, ஞாயிறுதோறும் ஸ்விண்டனிலிருந்து போன் செய்கிறான், அங்கே ஏதோ கிடங்கில் வேலை, குளிர் என்கிறான். நானும் பிலோமினாவும் சுகம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன். உண்மை அதுவல்ல.

இத்துடன் ஒரு நோட்டீஸ் வைத்திருக்கிறேன். கீழ்வீட்டில் இருக்கும் ஆபீஸ்காரர்களைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ். உனக்குத் தெரியாதது இல்லை, அப்பா விட்டுப்போன வீட்டில் பாதி உனக்கு, பாதி எனக்கு. உன் பாதியில் பாதி அத்தானுக்கு, என் பாதியில் பாதி பிலோமினாவுக்கு. நம் ஊர்ச் சட்டப்படி ஒரு ஜன்னல் கதவை மாற்றவும் நாலு கையெழுத்து வேண்டும். என் கையெழுத்தைக் காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டிருக்கிறேன். நீ போட்டுவிட்டு அத்தானிடம் நீட்டு. அவர் எதையும் படிக்காமல் போடுகிற மனிதர், நல்லவர். போனில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறந்ததும் "அடுப்புல மீன் இருக்கு எவாரிஸ்தோ, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். நாலு மாதமாக அந்த மீன் வேகிறது. அதனால்தான் கடிதம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஈஸ்டர் முடிந்த வாரம் புரோக்கர் கயெதான் வாசலில் வந்து நின்றான். அம்மா போனதிலிருந்து கீழ்வீடு பூட்டிக் கிடந்தது, மழைக்காலத்தில் ஓடை நண்டு ஏறிவந்து குடியிருக்கும், நண்டைத் தவிர வேறு யாரும் அதைக் கேட்டதில்லை. கயெதான் சொன்னான், இந்தப் பேட்டை இப்போது கிடுகிடுவென்று வளர்கிறதாம், பெரிய ஊர்க் கம்பெனிகள் எல்லாம் இங்கே ஆபீஸ் போட இடம் தேடி அலைகிறார்களாம். வளர்வது எனக்கும் தெரிகிறது அக்கா. முடிதிருத்தும் கடை இருந்த இடத்தில் காபிக்கடை, தையல்காரர் இருந்த இடத்தில் காபிக்கடை, சவப்பெட்டி செய்தவர் இருந்த இடத்தில்கூடக் காபிக்கடை. இந்தத் தெருவில் இனி முடி வெட்டிக்கொள்ள முடியாது, ஒரு விளக்குமாறு வாங்க முடியாது, மரியாதையாகச் சாகவும் முடியாது; காபி மட்டும் ஆறு விதமாகக் குடிக்கலாம். சரி, ஆபீஸ் என்று வருகிறார்கள், லட்சணமாகக் கொடுப்போம் என்று நீலப் பெயிண்ட் நாலு டப்பா வாங்கி வைத்தேன். டப்பாவைப் பார்த்ததும் கயெதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"அடிச்சிராதீங்க பாப். உதிர்ந்த சுவரைப் பார்த்துத்தான் அவங்க வர்றாங்க. பூசிட்டீங்கன்னா இது வெறும் வீடு."

அப்பா ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தன் சட்டை கிழிந்திருந்தாலும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த வீடு இது. உதிர்ந்ததை உதிர்ந்தபடி விடு என்று ஒருவன் என் வாசலில் நின்று எனக்கே சொல்கிறான், நானும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். நாலு டப்பாவும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

குர்கானிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். தலைவி இஷிதா பல்லா என்று ஒரு பெண், முப்பது வயது இருக்கும், கால்சராயில் எட்டுக் கிழிசல், கேட்டால் வாங்கும்போதே அப்படித்தானாம். உங்கள் சுவருக்கும் அவள் உடைக்கும் பொருத்தம்தான் என்று பிலோமினா சொன்னாள். என்ன தொழில் என்று கேட்டேன். தூக்கம் என்றாள். தூக்கம் வராதவர்களுக்குப் போன் வழியாகத் தூக்கம் வரவழைத்துக் கொடுக்கிற கம்பெனியாம். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. படகுக் கம்பெனியில் முப்பத்து நாலு வருடம் நேரம் குறிக்கிற வேலை பார்த்தபோதுகூட மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை நான் கண் விழித்திருந்ததில்லை, ஒரு படகும் மூழ்கியதில்லை. எனக்கு இதைவிடத் தோதான குடித்தனம் எங்கே கிடைக்கும்? ஆனாலும் முன்ஜாக்கிரதையாக ஒப்பந்தத்தில் எட்டாவது ஷரத்தை என் கையாலேயே எழுதினேன். நகல் உன்னிடம் இருக்கிறது, எடுத்துப் பார்: "பகல் ஒரு மணி முதல் நாலு மணி வரை குடியிருப்போர் உரக்கப் பேசுதல், சிரித்தல், நாற்காலி இழுத்தல், ஆணி அடித்தல், இருமுதல் கூடாது. தவிர்க்க முடியாத இருமலைத் தோட்டத்தில் வைத்துக்கொள்ளவும்." நோட்டரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இஷிதா "ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு அங்கிள்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள், உடனே அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்தாள். ஒப்பந்தத்தைப் போட்டோ எடுக்கிறவளை அன்றைக்கே வாசலோடு அனுப்பியிருக்க வேண்டும்.

ஜூன் மாதம் குடிவந்தார்கள். நம் தளம் மரப்பலகை என்பதை நீ மறந்திருக்க மாட்டாய், நம் சின்ன வயதில் கீழே அம்மா உப்பு டப்பாவைத் திறப்பதுகூட மேலே கேட்கும். இவர்கள் நாற்காலிக்கெல்லாம் சக்கரம். ஏழு நாற்காலி, முப்பத்தைந்து சக்கரம், ஒருவரோடு ஒருவர் பேச எழுந்து போகமாட்டார்கள், உட்கார்ந்தபடியே உருண்டு போவார்கள். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். ஜூலையில் மழை ஆரம்பித்தார்கள். வெளியே வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது, உள்ளே ஸ்பீக்கரில் வேறு மழை. தூக்கத்துக்கு எந்த மழை நல்லது என்று சோதிக்கிறார்களாம், தகரக் கூரை மழை, வாழையிலை மழை, ஓட்டு மழை. ஓட்டு மழை போட்ட அன்று நான் அலறியடித்துக்கொண்டு எழுந்து, கூரை ஒழுகுகிறது என்று நினைத்து வீட்டிலிருந்த பதினோரு பாத்திரத்தையும் தரையில் பரப்பினேன். ஒரு சொட்டு விழவில்லை. பதினோரு காலிப் பாத்திரத்துக்கு நடுவில் நான் ஜட்டியோடு நின்றேன், பிலோமினா வந்து பார்த்துவிட்டுச் சாதம் வைக்கிற பானையை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். ஆகஸ்டில் கடல் அலை. அலைச் சத்தம் கேட்டால் எனக்கு என்ன கனவு வரும் சொல்? படகு என்னை விட்டுவிட்டுப் போகிறது, நான் கரையில் விசிலை ஊதுகிறேன். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆன மனிதனை மறுபடி வேலைக்கு இழுத்துவிட்டார்கள், சம்பளமில்லாமல்.

இதற்கு மேல்தான் பெரிய அக்கிரமம். அவள் எடுத்த போட்டோ போனுக்குப் போன் தாவி ஊரெல்லாம் போயிருக்கிறது. இந்தியா முழுக்க எட்டாவது ஷரத்தைப் படித்துவிட்டது. இப்போது ஆட்கள் என் வீட்டைப் பார்க்க வருகிறார்கள், எப்போது என்று கேள், சரியாக இரண்டரை மணிக்கு. கதவைத் தட்டி, "இங்கதான் மத்தியானம் யாரும் பேசக் கூடாதாமே, நிஜமா?" என்று கேட்கிறார்கள். நான் எழுந்து வந்து நிஜம்தான் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுக்க வேண்டும். போன வாரம் கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு ஜோடி வந்து, என் படிக்கட்டில் தலையணை போட்டுத் தூங்குகிற மாதிரி படுத்தது. தூங்குகிற மாதிரி! அதுவும் அந்தப் போட்டோகிராபர் என்னிடம், "நீங்களும் ஓரமா கொஞ்சம் படுங்களேன் அங்கிள், நேச்சுரலா இருக்கும்" என்றான். கயெதான் வேறு, இப்போது இந்தத் தெருவில் எந்த ஆபீசுக்கு இடம் காட்டினாலும் மத்தியானத் தூக்கத்தோடு என்று சொல்லித்தான் காட்டுகிறானாம். நான் எழுதிய ஷரத்தால் ஊரே கொழிக்கிறது, தூக்கம் போனது எனக்கு மட்டும்.

கீழே போய் வாய்க்கு வந்தபடி கேட்டேன். இஷிதா தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டாள், கேக் கொடுத்தாள், தூக்கத்தை அளக்கிற பட்டை ஒன்றை என் மணிக்கட்டில் கட்டிவிட்டாள். அது என் தூக்கத்துக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு மார்க் போட்டது. பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு குறைவாக வாங்கியதில்லை, நீதான் வாங்கினாய்.

சரி, மூன்று வாரமாக என்ன தெரியுமா? சத்தமே இல்லை. இரண்டு மணியானால் சக்கரம் உருளவில்லை, மழை இல்லை, அலை இல்லை, பெருச்சாளி நடமாடுகிற மாதிரி ஒரு முணுமுணுப்பு மட்டும். நீ சந்தோஷப்படுவாய், நான் படமாட்டேன். ஏழு பேர் ஒரே நேரத்தில் வாயை மூடினால் அது நல்லதற்கில்லை. சுவரை இடிக்கத் திட்டம் போடுகிறார்களா, வீட்டையே எழுதி வாங்கப் பார்க்கிறார்களா என்று காதைப் பலகையில் வைத்துக் கேட்டபடி படுத்திருக்கிறேன். சத்தம் இருந்தபோதாவது இடையில் கொஞ்சம் கண்ணயர்ந்தேன், இப்போது அதுவும் போயிற்று. பிலோமினாவிடம் சொல்லலாம் என்றால் அவளும் மத்தியானம் வீட்டில் இருப்பதில்லை. கோயில் பீடத்துக்கு விரிப்பு தைக்கிறார்களாம், தினமும் ஒன்றே முக்காலுக்குப் பூண்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். பீடத்து விரிப்புக்குப் பூண்டு எதற்கு என்று கேட்டேன், பேசிக்கொண்டே உரிக்கலாம் என்றாள்.

அவள்தான் எனக்குப் பெரிய தலைவலி. நோட்டீசை அவள் முன்னால் வைத்து அதன் மேல் பேனாவையும் வைத்தேன். கை மாவாக இருக்கிறது என்றாள். மறுநாள் கண்ணாடியைக் காணோம் என்றாள், கண்ணாடி மூக்கில் இருந்தது. நேற்று விடாமல் பிடித்து நிறுத்திக் கேட்டேன்.

"அந்தப் பிள்ளைங்க எங்க போவாங்க?" என்றாள்.

"வந்த ஊருக்குப் போகட்டும்."

"நீங்க எல்லாரையும் போகட்டும் போகட்டும்னே சொல்றீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை. நீ ஒரு வார்த்தை அவளிடம் சொல். நீ சொன்னால் கேட்பாள், உன்னிடம் அவளுக்குப் பயம் உண்டு, எனக்கும் உண்டு.

ஆகவே அக்கா, தாமதிக்காமல் இரண்டு கையெழுத்தையும் போட்டு அனுப்பு. இந்த வீட்டில் நான் மறுபடி நிம்மதியாகத் தூங்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். அத்தானுக்கு என் வணக்கம், கோழிகளுக்கு என் அன்பு. மாதா உங்கள் வீட்டு வாசலிலும் அடுப்படியிலும் குறைவில்லாமல் துணை நிற்கட்டும், அந்த மீனையும் சீக்கிரம் வேக வைக்கட்டும்.

இப்படிக்கு,
தூக்கமில்லாத தம்பி,
எவாரிஸ்தோ

பின்குறிப்பு: மாலை ஐந்தரை மணி. மேலே எழுதியதைப் படிக்காதே. படித்திருந்தால் மறந்துவிடு. மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லாததால் அப்படியே அனுப்புகிறேன்.

கடிதத்தை ஒட்டாமல் வைத்துவிட்டு ஒரு மணிக்குப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று இரண்டரை மணிக்கு நோட்டீசைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே திரை போட்டிருந்தது. ஏழு பேரும் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, நாற்காலிச் சக்கரத்துக்கெல்லாம் பழைய துணி சுற்றி, தலையோடு தலை வைத்து மெல்லப் பேசிக்கொண்டு வேலை செய்கிறார்கள். நடுக்கூடத்தில் அவர்கள் உட்காருகிற, காலில்லாமல் மெத்தென்று அமுங்குகிற பெரிய மூட்டை நாற்காலி ஒன்று இருக்கிறது. அதில் பிலோமினா தூங்குகிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது, கண்ணாடி நெற்றியில், மடியில் பாதி உரித்த பூண்டு. யாரோ கால்மேல் ஒரு போர்வை போட்டிருக்கிறார்கள்.

நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். இஷிதா உதட்டில் விரலை வைத்தாள்.

"எட்டாவது ஷரத்து, அங்கிள்" என்றாள், காற்று மாதிரி.

என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்த்தான் சொன்னாள். மூன்று வாரத்துக்கு முன்பு பிலோமினா எனக்காக அவர்களைத் திட்டத்தான் கீழே போயிருக்கிறாள். நின்று திட்டக் கால் வலிக்கிறது என்று அந்த மூட்டையில் உட்கார்ந்திருக்கிறாள், பாதித் திட்டிலேயே தூங்கிப்போனாள். இரண்டு மணி நேரம். எழுந்ததும் அழுதாளாம். எல்ராய் போன நாளிலிருந்து மத்தியானமும் சரி, ராத்திரியும் சரி, ஒழுங்காகத் தூங்கியதில்லை என்றாளாம். மேலே படுத்தால் மோட்டுவளையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இங்கே பிள்ளைகள் பேசிக்கொண்டிருக்கிற சத்தம் காதில் விழுந்ததும் கண் சொருகிவிட்டது என்றாளாம். மறுநாளிலிருந்து இவர்களே கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள்.

மூன்று வருடம் அக்கா. மூன்று வருடமாக என் பக்கத்தில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். எல்ராய் போகிறேன் என்றபோது போகட்டும் என்றவனும் நான்தான். தோட்டத்தில் எனக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது, வெகுநேரம் அது ஓயவில்லை.

நோட்டீசில் கையெழுத்துப் போடாதே. ஆனால் அந்தக் காகிதத்தைத் தூக்கியும் எறியாதே, திருப்பிப் பார். பின்பக்கத்தில் ஒன்பதாவது ஷரத்து எழுதியிருக்கிறேன். கீழ்வீட்டில் இரண்டாவதாக ஒரு மூட்டை நாற்காலி போட்டு, பகல் இரண்டு முதல் நாலு வரை மேல்வீட்டுக்காரர் அதில் படுத்துக்கொள்ள அனுமதிப்பது. குறட்டை விட்டால் அனுமதி ரத்து. குறட்டை விஷயம் இஷிதா சேர்க்கச் சொன்னது. நாலு கையெழுத்து வேண்டும், நீயும் அத்தானும்தான் பாக்கி. பிலோமினா கண்ணாடி தேடாமலே போட்டுவிட்டாள்.