எல்லையில் யானை வாசம்

ஒரு காட்டில், காடு முடிகிற கிழக்கு ஓரத்தில், வெள்ளச்சி என்று ஒரு முயல் இருந்தாள். நாலு குட்டிக்காரி. அவள் குடியிருந்த புதருக்கு முன்னால் ஒரு விளாமரம். மரத்தைத் தாண்டினால் ஒரு வறண்ட ஓடை. ஓடையைத் தாண்டினால் செந்நாய்க் கூட்டம். நடுக்காட்டில் சொகுசாக இருப்பவர்கள் அதை எல்லைப் பிரச்சினை என்றார்கள். வெள்ளச்சிக்கு அது பக்கத்து வீடு.

செந்நாய்களுக்குத் தலைவன் செம்பன். ஓடைக்கு அந்தப் பக்கம் மான்கள் இருந்த பாறைக் கரட்டைப் போன கோடையில் அவன் எடுத்துக்கொண்டான். ஏனென்று கேட்டதற்கு, "எங்க அப்பாரு காலத்துல எங்க ஆளுக இந்தப் பாறையில ஒண்ணுக்குப் போயிருக்காங்க. அப்ப இது யாரு கரடு?" என்றான். மான்கள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவன் வயிற்றைப் பார்த்தாலே தெரிந்தது.

இந்தப் பக்கத்து மிருகங்களும் சும்மா இருந்துவிடவில்லை. அவர்களுக்கும் ஒரு கூட்டணி இருந்தது. ஒருத்தரைக் கடித்தால் எல்லோரையும் கடித்த மாதிரி என்று எப்போதோ ஒரு காலத்தில் சத்தியம் செய்திருந்தார்கள். தலைவர் மயில், பெயர் கொண்டையப்பர். அடுத்த மூத்த உறுப்பினர் ஆமை அப்பாரு. கூட்டணிக்கு உண்மையான பலம் என்றால் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த யானை கருமலையார்தான். அக்கரை என்றால் லேசில்லை, பெரிய ஆறு. அவர் குளித்துவிட்டு எழுந்தால் இக்கரையில் அலை வந்து மோதும். அவர் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் இந்தப் பக்கம் எல்லோரும் மத்தியானம் தூங்கினார்கள்.

ஆனால் சமீப காலமாகக் கருமலையாருக்கு முகம் சரியில்லை.

"ஏனுங்க, எத்தனை காலத்துக்கு நான் ஒருத்தனே ரெண்டு தந்தத்தையும் சுமக்கறது?" என்று ஒரு கூட்டத்தில் அக்கரையிலிருந்தே சத்தம் போட்டார். "ஆளுக்கு ஒரு கொம்பாவது வளருங்க. இல்லீன்னா நான் வருவேன்னு எதிர்பார்க்காதீங்க!"

எல்லோரும் உடனே சம்மதித்தார்கள். வருகிற மழைக்காலத்துக்குள் கொம்பு. மழைக்காலம் வந்து கணக்குக் கேட்டபோது கொண்டையப்பர் தலையை ஆட்டி, "என் கொண்டையைப் பாருங்க, அதுவும் கொம்புச் சாதிதான்" என்றார். ஆமை அப்பாரு, "எனக்கு வளர்ந்துதான் இருக்குது. உள்பக்கமா வளர்ந்திருச்சு" என்றார். வெள்ளச்சி மட்டும் காதுகளை விறைப்பாக நிறுத்தி, நுனியில் முள்ளைக் கட்டிக்கொண்டு வந்தாள். அது காற்றில் ஆடி அவள் மூக்கிலேயே குத்தியது. ஆனாலும் கட்டியிருந்தாள். எல்லையில் இருப்பவளுக்குக் கூச்சமெல்லாம் கட்டுப்படியாகாது.

ஒரு நாள் காலையில் செம்பன் ஓடைக்கரையில் வந்து உட்கார்ந்தான்.

"என்ன அம்மிணி, சௌக்கியமா? குட்டிக நல்லா புசுபுசுன்னு இருக்குதே. பேரு என்ன வெச்சிருக்கே?"

பெயர் கேட்கிறவன் ஒன்று பள்ளிக்கூட வாத்தியாராக இருக்க வேண்டும், இல்லையென்றால் பசியோடு இருக்க வேண்டும். செம்பன் வாத்தியார் இல்லை என்று வெள்ளச்சிக்குத் தெரியும். குட்டிகளைப் புதருக்குள் தள்ளிவிட்டு, செல்போனை எடுத்து, கூட்டணியின் குரூப்பில் போட்டாள்: "செந்நாய் வந்திருக்குது. சீக்கிரம் வாங்க."

கொண்டையப்பர் ஒரு கும்பிடு போட்டார். யாரோ ஒரு ரோஜாப்பூவும் காலை வணக்கமும் அனுப்பினார்கள். ஆமை அப்பாரு, "இது எந்த ஊர்ல நடந்தது?" என்று கேட்டார். கருமலையார் பார்த்துவிட்டார் என்று நீலக் கோடு விழுந்தது. பதில் மட்டும் விழவில்லை.

சாயங்காலம் அவசரக் கூட்டம் கூட்டினார்கள். "கூட்டணி கவலை தெரிவிக்கிறது" என்று ஓர் அறிக்கை தயாரானது.

"வெறும் கவலையாங்க?" என்றாள் வெள்ளச்சி. "என்ற குட்டிக பேரை அவன் கேக்கறானுங்க!"

"சரி, ஆழ்ந்த கவலைன்னு போடலாம்," என்றார் கொண்டையப்பர்.

"ஆழ்ந்த வேண்டாம்," என்றார் ஆமை அப்பாரு. "கோடையில நான் செம்பன் சுனையிலதான் தண்ணி குடிக்கறேன். ரொம்ப ஆழமாப் போனா அவன் சுனையை மூடிருவான்."

"ஏனுங்க அப்பாரு, அவன் தண்ணியைக் குடிச்சுப்போட்டு அவனையே எதுக்கப் போறீங்களா?" என்றாள் வெள்ளச்சி.

"அதனாலதான் மெதுவா எதுக்கலாங்கறேன்."

கடைசியில் 'ஓரளவு ஆழ்ந்த கவலை' என்று முடிவானது. எல்லோரும் கைதட்டிவிட்டுப் போனார்கள். ஆமை அப்பாரு மட்டும் அங்கேயே இருந்தார். கிளம்பத்தான் கிளம்பினார், அவர் வேகம் அப்படி.

மறுநாள் விடிந்ததும் வெள்ளச்சி ஆற்றங்கரைக்கே ஓடினாள். கருமலையார் அக்கரையில் மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா! செம்பன் ஓடையைத் தாண்டுனா நீங்க வருவீங்களாங்ண்ணா?"

"கொம்பு என்னாச்சு?"

"கட்டியிருக்கறேனுங்க, பாருங்க."

கருமலையார் கண்ணை இடுக்கிப் பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் காது இரண்டும் படபடவென்று அடித்தன. "வருவேன் அம்மிணி. வராமயா? வந்தாலும் வருவேன். அன்னைக்கு மனசு எப்படி இருக்குதோ, கால்வலி எப்படி இருக்குதோ..."

வெள்ளச்சி முதலில் அழப் பார்த்தாள். பிறகு யோசித்தாள். ஓடிப் பிழைக்கிற சாதி அல்லவா, யோசனையும் வேகமாக ஓடும். இவர் வருவாரா மாட்டாரா என்று அவருக்கே தெரியவில்லை. போகட்டும். அது செம்பனுக்கும் தெரியாமல் இருந்தால் போதுமே!

"அண்ணா, சண்டைக்கு வர வேண்டாமுங்க. என்ற வீட்டு முன்னால விளாம்பழம் பழுத்து உதிர்ந்து கிடக்குது. ஓடு பட்டுன்னு உடையற பக்குவம். வீணாப் போகுதேன்னு..."

அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் ஆறு இரண்டாகப் பிளந்தது. கருமலையார் பாதி ஆற்றில் இருந்தார். கால்வலியைக் காணவில்லை.

விளாமரத்தடியில் நின்று ஓட்டோடு ஒவ்வொன்றாக விழுங்கினார். மரத்தை ஒரு உலுக்கு உலுக்கி மிச்சத்தையும் விழுங்கினார். சாய்ந்து முதுகைத் தேய்த்துக்கொண்டார். அப்புறம், வயிறு நிறையச் சாப்பிட்ட யானை என்ன செய்யுமோ அதைச் செய்தார். யானை போடுகிற சாணிக்கு லத்தி என்று பெயர். சின்னக் குன்று மாதிரி, ஆவி பறக்க, ஓடைக்கரையிலேயே ஒரு லத்தி. "நல்ல பழம்," என்று சொல்லிவிட்டு அக்கரைக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே செம்பன் வந்தான். ஓடையில் ஒரு காலை வைத்தான். மூக்கைத் தூக்கினான். வைத்த காலை எடுத்துவிட்டான்.

"பெரியவர் இங்கயா இருக்கறாரு?"

"குளிக்கப் போயிருக்கறாருங்க," என்றாள் வெள்ளச்சி புல்லை மென்றபடி. "இருங்க, வந்துருவாரு."

"இல்ல அம்மிணி, சும்மாதான் வந்தேன். குட்டிகளைக் கேட்டதாச் சொல்லு."

அவன் போன பிறகுதான் தன் வாயில் இருந்தது புல் இல்லை, காதில் கட்டிய முள் என்று அவளுக்குத் தெரிந்தது.

சேதி பரவியது. கொண்டையப்பர் தோகையை விரித்து லத்திக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். "இது வெறும் லத்தி இல்லை. நம் கூட்டணியின் உறுதி!" என்று பேசினார். உறுதி அதற்குள் கொஞ்சம் இளகியிருந்தது. கை தட்டினவர்கள் தள்ளி நின்றே தட்டினார்கள். அந்த உற்சாகத்தில் புது உறுப்பினர்களையும் சேர்த்துக்கொள்வது என்று தீர்மானம் போட்டார்கள். யார் சேர வருகிறார்கள் என்று பார்த்தால், உருண்டையான் என்கிற சாணி வண்டும் அவன் குடும்பமும்தான் வந்து நின்றார்கள். ஆள் சேர்ந்தால் சரி என்று எல்லோரும் கை தூக்கினார்கள். சாணி வண்டு சாணியை என்ன செய்யும் என்று அந்த அறிவாளிகளில் ஒருவருக்குமே தோன்றவில்லை.

விடிந்து பார்த்தால் ஓடைக்கரை துடைத்துவிட்டது போல் இருந்தது. லத்தியைக் காணோம்.

"அட பாவி! இங்க இருந்தது எங்கடா?" என்றாள் வெள்ளச்சி.

"உறுப்பினருக்கு உரிமை இருக்குதுன்னு சொன்னாங்களே அக்கா," என்றான் உருண்டையான். பின்னங்கால்களால் ஓர் உருண்டையைத் தள்ளிக்கொண்டே பேசினான். "எங்க சனம் கொஞ்சமில்ல. ஆளுக்கு ஒண்ணா உருட்டி, இந்த ஓடைக்கரை நெடுகக் குழி தோண்டிப் புதைச்சுக்கிட்டு இருக்கறோம். அங்க முனியப்பன் பாறையில இருந்து இங்க மூங்கில் வரைக்கும்."

"என்ற குடியைக் கெடுத்துப்போட்டியேடா!"

குரூப்பில் போட்டாள். லத்தி காணாமல் போனதைத் தாக்குதலாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று கொண்டையப்பர் கேட்டார். எடுத்தது உறுப்பினரே என்பதால் இது குடும்ப விஷயம் என்று ஆமை அப்பாரு எழுதினார். அதற்குள் ஓடைக்கு அந்தப் பக்கம் சருகு நொறுங்கியது. செம்பன். இந்த முறை தனியாக இல்லை, மொத்தக் கூட்டமும் பின்னால் நின்றது.

குட்டிகளை எழுப்பி ஓட நேரமில்லை. வெள்ளச்சி புதர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். காதில் மிச்சமிருந்த முள்ளை முன்னால் நீட்டிக்கொண்டாள்.

செம்பன் ஓடையில் இறங்கினான். ஏறினான். இந்தப் பக்கத்து மண்ணில் மூக்கை வைத்தான். நகர்ந்து இன்னோர் இடத்தில் மூக்கை வைத்தான். வடக்கே கொஞ்ச தூரம் மோந்துகொண்டே போனான். தெற்கே கொஞ்ச தூரம் மோந்துகொண்டே போனான். திரும்பி வந்தபோது அவன் வால் கால்களுக்கு இடையில் இருந்தது.

"அம்மிணி," என்றான் மெதுவாக, "எத்தனை பேரு வந்திருக்கறாங்க?"

வெள்ளச்சிக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"எண்ணலீங்க," என்றாள். "சொந்தபந்தம் மொத்தமும் வந்திருக்குது."

"குட்டியானைகளுமா? உருண்டையெல்லாம் சின்னது சின்னதா இருக்குதே."

"அதுகதான் சொன்ன பேச்சைக் கேக்கறதே இல்லீங்க. யாரைப் பார்த்தாலும் மேல ஏறி விளையாடுதுக. நீங்க பார்த்துப் போங்க."

செந்நாய்க் கூட்டம் கரட்டைத் தாண்டிப் போகிற வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் வெற்றி விழா. கொண்டையப்பர் தோகை சுளுக்கிக்கொள்கிற அளவுக்கு ஆடினார். ஆமை அப்பாரு, எதிரியை மெதுவாக எதிர்த்ததால்தான் ஜெயித்தோம் என்றார். கருமலையார் அக்கரையிலிருந்து குரல் அனுப்பினார்: "நான் ஒருத்தனே காப்பாத்தினேன். கொம்பு எங்கே?" உருண்டையானுக்கு எல்லைத் தளபதி என்று பட்டம் கொடுத்தார்கள். எதற்கு என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பதவிக்கு லத்தி உண்டா என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

வெள்ளச்சி விழாவுக்குப் போகவில்லை. விளாமரத்தடியில் கருமலையார் காலில் மிதிபட்டுச் சிதறிக் கிடந்த பழங்களின் விதைகளைப் பொறுக்கி, ஓடைக்கரை நெடுக மண்ணைக் கிளறி ஊன்றிக்கொண்டிருந்தாள். நாலு குட்டிகளும் பின்னாலேயே வந்து மண்ணை மூடின. பிறகு செல்போனை எடுத்து, குரூப்பில் இல்லை, கருமலையாருக்குத் தனியாக ஒரு வரி போட்டாள்: "அண்ணா, உச்சிக் கிளையில இன்னும் கொஞ்சம் பழுத்திருக்குதுங்க."

நீலக் கோடு விழுவதற்குள் ஆற்றில் தண்ணீர் தெறிக்கிற சத்தம் கேட்டது.

நீதி: ஆபத்தில் கூட்டாளி வருவாரா என்று கவலைப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல நாளிலேயே கூப்பிட்டு வயிறு நிறையச் சாப்பாடு போடுங்கள். மிச்சத்தை அவர் வயிறு பார்த்துக்கொள்ளும்.